ஆர் என்று எழுதிய பெட்டி

"சூப்பி" என்றாள் மயூரி. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் எதுவும் சொல்லவில்லை.

சிவபாதமும் எதுவும் கேட்கவில்லை. துப்பறியும் தொழிலில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான். ஆளை முன்னால் இருத்தி, ஒரு கோப்பியை வாங்கி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருப்பது. அமைதியைப் பெரும்பாலானோரால் தாங்க முடியாது. அதை நிரப்புவதற்காகவே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அவருடைய உதவியாளர் பேபியாலும் தாங்க முடியாது.

"சூப்பியெண்டால், பிள்ளை, பால் போத்தில் வாயிலை பூட்டுறதோ?"

"ஓம் அக்கா."

"பாத்தியளே அண்ணை. அம்மா எனக்குப் பேபியெண்டு பேர் வைச்ச குற்றத்துக்கு, அம்பது வயசிலையும் சூப்பிக் கேஸ் என்னைத் தேடி வருது."

ஸ்காபுரோவில், மில்லிக்கன் பிளாசாவின் டோனட் கடையில் வெள்ளிக்கிழமை மத்தியானக் கூட்டம். 1993 ஒக்ரோபர். வெளியே கார்களின் மேல் மேப்பிள் இலைகள் ஈரமாக ஒட்டிக்கிடந்தன. மயூரிக்கு முப்பத்தாறு வயது. பக்கத்துத் தெருவில், பல்லுக்கு மூடி செய்யும் லேப் ஒன்றில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தாள். ஆனால் எதுவும் சாப்பிடவில்லை.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் குசினியிலை போனைத் தூக்கினன். அவர் கராஜிலை மற்றப் போனிலை நிண்டவர். 'றோசலின், உம்மடை சூப்பி முடிஞ்சுது' எண்டார்."

"அவ என்ன சொன்னவ?" என்று கேட்டார் சிவபாதம்.

"சிரிச்சவ."

"பிறகு?"

"'ஓட்டை சின்னனாத்தான் இருக்கவேணும்' எண்டார்." மயூரி கோப்பிக் கப்பை ஒரு முறை சுற்றினாள். "பிறகு 'ஞாயிறு பத்து மணிக்குப் பாப்பம்' எண்டார். நான் போனை வைச்சிட்டன்."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஏதோ ஒன்று விழுங்கப்பட்டது. சிவபாதம் குறிப்புப் புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டார்.

"உங்களுக்குப் பிள்ளையள்?"

"இல்லை. பதினொரு வருசம்."

பேபி தன் கோப்பியைத் தள்ளி வைத்தாள்.

அவள் கணவன் குலசிங்கம் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். வீட்டுக் கராஜிலும் சின்னதாய் ஒரு லேத் வைத்திருக்கிறார். வேலையால் வந்து சாப்பிட்டதும் அதற்குள் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போவார். போன மாதம் சம்பளத் துண்டைப் பார்த்தபோதுதான் ஓவர்டைமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"சூப்பியைவிட உம்மடை எண்டதுதான் அண்ணை எனக்குக் குத்தினது" என்றாள். "என்னை நீயெண்டுதான் கூப்பிடுவார். கலியாணம் கட்டின புதுசிலை எனக்கும் நீர்தான். எப்ப நீயாச்சுதெண்டு தெரியாது. அவளுக்கு நீர்."

கைப்பையைத் திறந்து, ரிஷுக் கடதாசியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள். "அவற்றை காற்சட்டைப் பொக்கற்றிலை கிடந்தது. உடுப்புத் தோய்க்கேக்கை எடுத்தனான்."

சுண்டுவிரலின் நுனியளவு உருக்குத் துண்டு. ஒரு பக்கம் திருகிப் பூட்டுவதற்குப் புரி. நடுவில் திருகுசாவி பிடிக்கச் சதுரமான இடுப்பு. மறுபக்கம் கூம்பு போல ஒரு மூக்கு. மூக்கிலிருந்து அடிவரை ஒரு ஓட்டை.

"உது குழந்தைக்குரியதில்லை, தங்கச்சி."

"அது இப்ப எனக்கும் விளங்குது. என்னத்துக்குரியது, ஆருக்குரியது, அதைக் கண்டுபிடியுங்கோ. அவள் எங்கை இருக்கிறாள் எண்டும். ஞாயிறு பத்து மணிக்கு முன்னம்."

"கள்ளக் காதலுக்கும் அப்பொயின்மென்ற் கார்ட் இருக்கோ?" என்றாள் பேபி.

மயூரி சிரிக்கவில்லை. வலது கையின் பெருவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்ரரை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை காலை பேபியின் பழைய ரொயோட்டா மோர்னிங்சைட் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சிவபாதம் கார் ஓட்டுவதில்லை. யோசிக்கும்போது சிவப்பு விளக்குத் தெரியாது என்பது அவர் சொல்லும் காரணம். யோசிக்காதபோதும் தெரியாது என்பது பேபியின் சாட்சியம்.

"எங்கடை மாமா தண்ணிப் பம்ப் திருத்திறவர்" என்றாள் பேபி. "உப்பிடிச் சாமான்களைக் கண்டிருக்கிறன். கிறீஸ் அடிக்கிற நிப்பிள். ஆனால் உது கிறீஸ் போற ஓட்டையில்லை."

"நிப்பிளைத் தமிழிலை என்னெண்டு சொல்லுவாய்?"

"சொல்லமாட்டன். அடி விழும்."

"ஒரு கூச்சமான மனிசன், போனிலை, ஒரு பொம்பிளைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வந்தால்?"

பேபி வாயைத் திறந்தாள். பிறகு ஸ்ரியரிங்கில் உள்ளங்கையால் தட்டினாள். "சூப்பியெண்டுவான். எட, அண்ணை! உந்த மனிசன் மரியாதைக்காரன். மரியாதையாலைதான் மாட்டுப்பட்டிருக்கிறான்."

"ஏதோ ஒரு இயந்திரத்தின்ரை நிப்பிள்" என்றார் சிவபாதம். "எந்த இயந்திரம் எண்டு அருள்நாயகத்தைக் கேப்பம்."

அருள்நாயகத்தின் கடையில் தையல் மெஷின், புல்லு வெட்டும் மெஷின், சைக்கிள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அறுபது வயதுக்காரர். வவுனியாப் பக்கம். துண்டைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்தது, பிறகு கறுத்தது.

"இடியன்ரை சூப்பி" என்றார்.

"ஆற்றை?" என்றாள் பேபி.

"இடியன் துவக்கு. குழல் வாயாலை வெடிமருந்து போட்டு இடிச்சுச் சுடுறது. உந்த மூக்கிலை தொப்பி மாதிரி ஒரு கேப்பைப் போடவேணும். விசையை இழுக்க, குதிரையெண்ட சுத்தியல் வந்து கேப்பிலை அடிக்கும். அந்தப் பொறி உந்த ஓட்டையாலை போய் உள்ளுக்குக் கிடக்கிற மருந்தைப் பத்த வைக்கும். இஞ்சையும் கிளப் வைச்சு ஞாயிறிலை சுடுறாங்கள்."

"கடையிலை வாங்கலாமே?"

"புதுத் துவக்குக்கு வாங்கலாம். நூறு வருசத்துப் பழசுக்கு ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு புரி. கடையிலை வாங்கினது ஏறாது. அளந்து, உருக்கிலை வெட்டி, காய்ச்சிப் பதம் போட்டு வீட்டிலைதான் செய்யவேணும். குலசிங்கத்தின்ரை வேலை இது. பிக்கரிங்காலையும் வந்து அவனிட்டைத்தான் கேக்கிறாங்கள்." அவர் துண்டை விளக்கடியில் பிடித்தார். "நானும் லேத் பிடிச்சவன்தான். என்னை ஒருத்தனும் கேக்கிறதில்லை."

 அவர் துண்டை இன்னும் கிட்டப் பிடித்தார். தையல் மெஷின் ஊசி ஒன்றை எடுத்து ஓட்டையில் விட்டார். ஊசி உள்ளே போய்ச் சுற்றி ஆடியது. அருள்நாயகத்தின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. குலசிங்கத்தின் பிழை ஒன்றைப் பார்க்க அவர் பல வருடம் காத்திருந்தது போல இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பூதக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இது அவன் போட்ட ஓட்டையில்லை."

"எப்பிடித் தெரியும்?"

"லேத்திலை போட்டால் வட்டமா வரும். இது முட்டை மாதிரி. ஆரோ கையிலை வைச்சுக் குடைஞ்சிருக்கினம். துளைக்கிற சின்னப் பிட். மணிக்கூடு திருத்திறவை, பல்லுக்காரர், உவையிட்டை இருக்கும். குலசிங்கத்தின்ரை கையாலை உப்பிடி ஒரு ஓட்டை வராது." கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பொறாமைப்படுகிறவன் தன் வாயால் தரும் நற்சான்றிதழ் பொய்யாக இருக்காது என்று சிவபாதம் நினைத்துக்கொண்டார்.

"ஓட்டை பெரிசானால் என்ன நடக்கும்?"

"நெருப்பு முன்னுக்குப் போறதோடை பின்னுக்கும் வரும். குதிரையைத் தூக்கி எறியும். கேப் சிதறி முகத்திலை அடிக்கும். கண்ணிலை பட்டால் கண்."

சிவபாதம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். 'ஓட்டை சின்னனாத்தான் இருக்கவேணும்.' அதன் பக்கத்தில் ஒரு கோடு. கோட்டின் மேல் எழுதினார்: 'இல்லாட்டி முகத்திலை அடிக்கும்.'

பேபி எட்டிப் பார்த்தாள். பகிடி எதுவும் வரவில்லை. "அண்ணை, உவ பல்லு லேப்பிலை வேலை."

"ஓம்."

"பெருவிரலிலை பிளாஸ்ரர்."

"ஓம்."

"அப்ப இந்தத் துண்டு?"

"பழகிப் பாத்தது. குலசிங்கம் கழிச்சுப் போட்ட துண்டிலை முதல் குடைஞ்சு பாத்திருக்கிறா. பிறகு நல்லதிலை."

"அதை ஏன் எங்களிட்டைக் கொண்டுவந்து தந்தவ?"

சிவபாதம் புத்தகத்தை மூடிவிட்டு அருள்நாயகத்தின் பக்கம் திரும்பினார்.

றோசலின் என்ற பெயரைக் கேட்டதும் அருள்நாயகத்துக்கு உடனே தெரிந்தது. மன்னாரைச் சேர்ந்தவள். ஸ்காபுரோவில் பஸ் ஓட்டுகிறாள். பிக்கரிங்குக்கு வடக்கே உள்ள கிளப்பில் அவளும் ஒரு ஆள். போன் நம்பர் அவரிடம் இல்லை. கிளப்புக்கு எடுத்தார்கள். அன்று முழுக்க மணி மட்டும் அடித்தது.

குலசிங்கத்திடம் நேரே போய்ச் சொல்லலாம். சொன்னால் அந்த வீடு அன்றோடு சரி. ஞாயிறு பத்து மணிக்கு முன்னம் றோசலினின் பக்கத்தில் போய் நின்றால் போதும், அவளுடைய கண்ணும் தப்பும், மயூரியின் வீடும் தப்பும் என்று சிவபாதம் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது.

*

ஞாயிறு காலை குலசிங்கத்தின் கார் போய்க் கால் மணித்தியாலத்துக்குப் பிறகு பேபியின் கார் அந்த வீட்டு வாசலில் நின்றது. மயூரி ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறிப் பின்சீட்டில் இருந்தாள். ஸ்ரீல்ஸ் றோட்டுத் தாண்டி வீடுகள் ஐதாகி, பூசணிக்காய் அடுக்கிய தோட்டங்கள் வரத் தொடங்கின.

சிவபாதம் அந்த உருக்குத் துண்டை எடுத்துப் பின்பக்கம் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இதைக் குடைஞ்சது நீங்கள்."

பத்துப் பன்னிரண்டு மைல் தூரம் பேபி உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அவளுடைய வாழ்நாளில் அது ஒரு சாதனை.

"புதன்கிழமை அவர் வெளியிலை போன நேரம் கராஜுக்கை போனன்" என்றாள் மயூரி. "மேசையிலை ரெண்டு சின்னப் பெட்டி. எடுத்துப் பாத்தன். அவ்வளவு வடிவா இருந்தது அண்ணை. கண்ணாடி மாதிரி மினுக்கியிருந்தவர். பதினொரு வருசத்திலை எனக்கெண்டு ஒரு ஆணிகூடச் செய்து தரேல்லை."

"பெட்டியிலை என்ன எழுதிக் கிடந்தது?" என்று கேட்டாள் பேபி.

"ஆர்."

"ஆரோ? அதைத்தானே நாங்கள் மூண்டு நாளாத் தேடுறம்."

"இங்கிலிஷ் ஆர், அக்கா. றோசலின்ரை ஆர்."

"மற்றப் பெட்டியிலை?"

"எல்."

"அது லீலாவோ லில்லியோ. மனிசன் அரிச்சுவடி வரிசையிலை போறார் போல."

"அப்பிடித்தான் நானும் நினைச்சன்" என்றாள் மயூரி. அவள் குரலில் பகிடி இல்லை. "ஆர் பெட்டியிலை இருந்ததை லேப்புக்குக் கொண்டுபோய்க் குடைஞ்சன். பின்னேரமே திரும்ப வைச்சிட்டன். முகத்திலை அடிக்குமெண்டு அவர் போனிலை சொன்னதைக் கேட்டுத்தான் குடைஞ்சன். என்னத்தாலை அடிக்கும், எப்பிடி அடிக்குமெண்டு எனக்குத் தெரியாது. ஆனா அடிக்கவேணுமெண்டு நினைச்சன். அது பொய்யில்லை."

"பிறகு?"

"வியாழன் பின்னேரம் வேலையாலை வந்து பாக்க, மேசையிலை பெட்டியளில்லை. காருக்கை பூட்டிப்போட்டார். அதுக்குப் பிறகு நித்திரை இல்லை. அவரிட்டைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் போனிலை ஒட்டுக்கேட்டதையும் சொல்லவேணும், கராஜுக்கை களவாப் போனதையும் சொல்லவேணும். அவருக்கு முன்னாலை அவ்வளவு சின்னனாகிறதைவிட..." அவள் முடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அவளைப் பிடிக்கத்தான் உங்களை வைச்சனெண்டு நினைச்சிருப்பியள். பத்து மணிக்கு முன்னம் அவளுக்கு ஆரும் போய்ச் சொல்லவேணும். அதுக்குத்தான்" என்றாள்.

சிவபாதம் கண்ணாடி வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பின்தொடர்ந்த ஆள் தன் மனைவிதான். இருபத்தைந்து வயதில், யாழ்ப்பாணத்தில், தபால் கந்தோர் வேலையை இடையில் விட்டுவிட்டுச் சைக்கிளில் பின்னால் போனார். ரைப்பிங் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், ரைப்பிங் வகுப்புக்குத்தான் போனாள். அதைக் கண்ணால் கண்டார். மறுநாளும் பின்னால் போனார். நான்காம் நாள் அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு அந்தக் கலியாணம் முடிந்தது. இதைப் பேபியிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். "அப்ப உங்கடை முதல் கேஸிலையே துப்புத் துலக்கி மனிசியைத் துலைச்சிருக்கிறியள்" என்று அவள் சொன்னாள். அதைவிடச் சரியாக அவராலும் சொல்ல முடியாது.

*

மரங்களுக்கு நடுவே ஒரு தாழ்ந்த கொட்டகை. அதற்கு முன்னால் சுடுமிடம். ஒன்பது ஐம்பது. வெள்ளைப் புகை தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. அவிந்த முட்டை மணம். கொட்டகை வாசலில் காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டை மயிர் வெட்டிய ஒரு பெண் நீளத் துவக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொன்னதற்குச் சத்தமாகச் சிரித்தாள்.

"அந்தச் சிரிப்புத்தான்" என்றாள் மயூரி.

சிவபாதம் அவளிடம் போனார். "றோசலின்தானே? உங்கடை துவக்கிலை குலசிங்கம் செய்து தந்த சூப்பி பூட்டியாச்சோ?"

"ஓம். ஏன்? நீங்கள்?"

"அதாலை சுடாதேங்கோ. ஓட்டையைப் பாருங்கோ."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கொலரிலிருந்து ஒரு ஊசியை உருவித் துவக்கின் பக்கத்தில் இருந்த சின்ன உருக்கு மூக்கில் வைத்தாள். நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே போகவில்லை.

"சரியாத்தானே கிடக்கு. குலம் அண்ணையின்ரை வேலை பிழைக்காது."

மயூரி பின்னாலிருந்து முன்னே வந்தாள். "அது இல்லை. ஆர் எண்டு எழுதின பெட்டியிலை இருந்தது."

றோசலின் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீங்கள் அண்ணையின்ரை மிஸ்ஸிஸோ? உங்களைப் பற்றிக் கனக்கச் சொல்லியிருக்கிறார்."

"எனக்கு உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"என்ரை சூப்பி பெட்டியிலை வரேல்லை. புதன்கிழமை என்ரை பஸ்ஸிலை ஏறி, கடதாசியிலை சுத்திக்கொண்டுவந்து கையிலை தந்திட்டுப் போனவர்."

மயூரியின் முகம் மாறியது. வாசலில் கார் நிற்கிற மனிதன் பஸ்ஸில் ஏறியிருக்கிறான்.

"அப்ப ஆர் எண்டு எழுதினது ஆற்றை?" என்றாள் பேபி.

"ஆர் எண்டால் ரைட். வலது" என்றாள் றோசலின். "எல் எண்டால் லெஃப்ற். என்ரைக்கு ஒரு குழல்தானே. அண்ணையின்ரை ரெட்டைக் குழல் துவக்கு. ரெண்டு குழலுக்கும் ரெண்டு சூப்பி."

 சிவபாதத்துக்குத் தன் கணக்கின் பிழை அப்போதுதான் தெரிந்தது. பெண்ணின் பெயரைத் தேடியதில், துவக்குக்கு எத்தனை குழல் என்று அவர் கேட்கவே இல்லை.

"அவர் எங்கை?" என்றார்.

றோசலின் கையைக் காட்டினாள். ஐம்பது யார் தள்ளி, சுடுகிற வரிசையின் கடைசி ஆளாக, காதை மூடிக்கொண்டு, இவர்களுக்கு முதுகு காட்டி நின்றார் குலசிங்கம். துவக்கு தோளில் ஏறிவிட்டிருந்தது.

வெடித்தது.

புகை அவரை முழுக்க மூடியது. மயூரியின் வாய் திறந்தபடி நின்றது. 

"இடது" என்றாள் றோசலின், அவசரமாக. "அண்ணை எப்பவும் இடதைத்தான் முதல் சுடுவார். சீஸ் ஃபயர்!" என்று கத்திக்கொண்டே ஓடத் தொடங்கினாள்.

புகை விலகியது. குலசிங்கம் முழுதாக நின்றார். துவக்கை இறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் துவக்கைக் கீழே வைப்பதை அவர் பார்க்கவில்லை. கன்னத்தைத் துவக்கின் மரப்பிடியில் இன்னும் இறுக்கி வைத்தார்.

"இஞ்சருங்கோ" என்றாள் மயூரி. அது அவளுக்கே கேட்கவில்லை. "இஞ்சருங்கோ!" பிறகு, பதினொரு வருடத்தில் ஒருநாளும் சொல்லாததை, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "குலசிங்கம்!"

அங்கிருந்த எல்லோருக்கும் அது கேட்டது. காதை மூடியிருந்த குலசிங்கத்துக்கு மட்டும் கேட்கவில்லை.

றோசலினின் கை அவருடைய தோளில் விழுந்தது.

அவர் விரலை எடுத்தார். துவக்கு மெல்லக் கீழே இறங்கியது. றோசலின் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து, வலது குதிரையை ஆறுதலாகத் தளர்த்தி, கேப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார். திருகுசாவியைப் பூட்டிச் சூப்பியைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பினார். மயூரி அங்கே நிற்பதைக் கண்டார்.

கராஜ், பெட்டி, பெருவிரலில் பிளாஸ்ரர். நல்ல தொழில்காரனுக்கு மூன்று விஷயத்தைக் கூட்ட நேரம் வேண்டாம்.

"நீரோ குடைஞ்சது?" என்று கேட்டார்.

மயூரி தலையசைத்தாள்.

அவர் ஓட்டையைத் திரும்பவும் பார்த்தார். "உள்ளுக்கு நல்லா மினுக்கியிருக்கு" என்றார். அவ்வளவுதான். துவக்கைச் சாத்திவிட்டுக் காது மூடியைக் கழற்றினார்.

றோசலினின் கை இன்னும் அவருடைய தோளில் இருந்தது. ஓடிவந்த களைப்பில் தாங்கிப் பிடித்திருக்கலாம். எடுக்க மறந்திருக்கலாம். சிவபாதம் மயூரியைப் பார்த்தார். அவள் துவக்கைப் பார்க்கவில்லை, கணவனின் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுடைய உதடுகள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள்.

துவக்கைச் சாத்திய பிறகும் அந்தக் கை தோளில் இருந்த விநாடிகளைச் சிவபாதமும் எண்ணியிருந்தார். ஏழு.

*

சாமான்களை எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்றார் குலசிங்கம். மயூரி அவருக்காகக் காத்திராமல் பேபியின் காரில் ஏறிக்கொண்டாள். காரின் கதவு சாத்தியபடி, எஞ்சின் ஓடியபடி, மூவரும் இருந்தார்கள்.

"ஒருத்தற்றை கண்ணும் போகேல்லை" என்றாள் பேபி. "உங்கடை மனிசன் முழுசாக் கிடக்கிறார், பிள்ளை. நீரெண்டும் கூப்பிட்டிட்டார். இனி என்ன?"

"அது கோவத்திலை வந்த நீரோ, மற்ற நீரோ எண்டு தெரியேல்லை" என்றாள் மயூரி.

"அதை அவரிட்டைக் கேளுங்கோ."

"கேப்பன்."

கொட்டகைப் பக்கம் மறுபடியும் அந்தச் சிரிப்புக் கேட்டது. கூடவே இன்னொரு சிரிப்பும், ஆணுடையது, தயங்கித் தயங்கி. அதை மயூரி முதல்தடவை கேட்கிறவள் போலத் தலையைச் சரித்துக் கேட்டாள்.

"அண்ணை."

"சொல்லுங்கோ, தங்கச்சி."

"உங்கடை வேலை முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"இன்னும் ஒண்டே ஒண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ. பிறகு உங்களைக் கரைச்சல்படுத்தமாட்டன்." அவள் முன்னால் சாய்ந்து சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "புதன்கிழமை, அந்த பஸ்ஸிலை, சாமானைக் குடுத்தவுடனை இறங்கினவரோ? இல்லாட்டி இருந்தவரோ? இருந்தால், முன் சீட்டிலையோ, பின்னுக்கோ?"

பேபி சிவபாதத்தைப் பார்த்தாள். ரைப்பிங் வகுப்புக்குத்தான் போனாள் என்று கண்ணால் கண்ட பிறகும் மறுநாள் சைக்கிளை எடுத்த மனிதர் அவர். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் கிடைத்தாலும் அது போதாது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குச் சரியான சொல்லைத் தேடினார். 

குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். 'முன் சீட்' என்று எழுதினார். அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மூடி வைத்தார்.